மண்டேலா விதிகள்: நீண்ட காலச் சிறைவாசிக்கு என்ன உரிமை?

சிறைக்குள் போனதும் முதலில் பறிபோவது, கதவைத் தானே திறக்கும் பழக்கம். எப்போது எழுவது, எப்போது உண்பது, விளக்கை எப்போது அணைப்பது என எல்லாமே அடுத்தவர் கையில். ஓரிரு ஆண்டுகள் என்றால் தாக்குப்பிடித்துவிடலாம். பதினைந்து, இருபது ஆண்டுகள் இப்படியே கழிந்தால், கைதி என்பதைத் தவிரத் தன்னைப் பற்றிச் சொல்ல ஒருவரிடம் வேறெதுவும் மிஞ்சாமல் போகலாம். சிறையின் வழக்கங்களில் மனிதர் ஊறிப்போகும் இந்த நிலையைச் சமூகவியலாளர் டொனால்ட் கிளெம்மர் 1940இலேயே விவரித்திருக்கிறார்.

இதற்கு அணைபோட உலக அளவில் ஒரு விதித் தொகுப்பு இருக்கிறது. 1955இல் ஜெனீவாவில் ஏற்கப்பட்ட அந்தத் தொகுப்பைத் திருத்தி, 2015 டிசம்பர் 17 அன்று ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றியது. மொத்தம் 122 விதிகள். 27 ஆண்டுகள் சிறையில் இருந்த நெல்சன் மண்டேலாவின் பெயரை அதற்குச் சூட்டினார்கள்.

அடைத்து வைப்பதே தண்டனை, அதற்குமேல் துன்பத்தைக் கூட்டாதே என்கிறது 3ஆம் விதி. உள்ளே நடக்கும் வாழ்க்கைக்கும் வெளி வாழ்க்கைக்கும் உள்ள இடைவெளி, மனிதரின் பொறுப்புணர்வையும் மதிப்பையும் குறைக்கிறதென்றால் அந்த இடைவெளியைச் சுருக்கச் சொல்கிறது 5ஆம் விதி. மனிதத் தொடர்பின்றி நாளுக்கு 22 மணி நேரமோ அதற்கு மேலோ தனியே பூட்டுவது, தொடர்ந்து 15 நாள்களைத் தாண்டவே கூடாது.

என் பார்வையில் உயிரானது 107ஆம் விதிதான். விடுதலைக்குப் பிந்தைய வாழ்க்கையைத் தண்டனை தொடங்கும்போதே யோசிக்க வேண்டும் என்கிறது அது. குடும்பத்தோடும் வெளியில் உள்ளவர்களோடும் உறவு அறுந்துவிடாமல் காக்க உதவவும் சொல்கிறது. மகனாக, தாயாக, தச்சராக இருந்த அடையாளம் உள்ளேயும் உயிரோடிருக்க இதுதான் வழி. பல இடங்களில் விடுதலைத் தேதி நெருங்கிய பிறகே இந்த யோசனை வருகிறது. அதற்குள் கடிதம் எழுத ஆளே இல்லாமல் போயிருக்கும்.

குற்றத்தை விட்டு விலகியவர்களிடம் லிவர்பூலில் நெடுநேரம் பேசிப் பார்த்த குற்றவியலாளர் ஷாட் மருனா ஒன்றைக் கவனித்தார். அவர்கள் பழைய தவற்றை மறைக்கவில்லை. தம் உள்ளியல்பு நல்லதே, இடையில்தான் தடம் புரண்டோம் என்று தம் கதையையே மாற்றிச் சொல்லக் கற்றிருந்தார்கள். அப்படிச் சொல்வதற்குக் கையில் ஏதாவது வேண்டுமல்லவா? கல்வி (விதி 104), பயன் தரும் தொழில் (98), நியாயமான கூலி, அதில் ஒரு பகுதியைக் குடும்பத்துக்கு அனுப்பும் வசதி, விடுதலையின்போது கையில் கிடைக்கும் சேமிப்பு (103) ஆகியவை அதற்குத்தான். வயது ஏறினாலே குற்றம் குறையும் என்பதும் நெடுங்காலமாகத் தெரிந்த செய்தி. ஆகவே ஐம்பது வயதில் ஒருவர் அடங்கிவிட்டதற்குச் சிறை நிர்வாகம் முழுப் புகழையும் எடுத்துக்கொள்ள முடியாது.

ஆயுள் தண்டனை பெற்றவர் என்ன செய்வது? விடுதலைக்கான வாய்ப்பும் மறுஆய்வும் அறவே இல்லாத ஆயுள் தண்டனை மனித உரிமை மீறல் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2013 ஜூலையில் தீர்ப்பளித்தது. அந்த அமர்வின் நீதிபதி ஒருவர் இதை நம்பிக்கைக்கான உரிமை என்றார். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றமும் ஆயுள் தண்டனையை 25 ஆண்டுகளுக்குப் பின் மறுஆய்வு செய்தாக வேண்டும்.

மண்டேலா விதிகள் எந்த நாட்டையும் சட்டமாகக் கட்டுப்படுத்துவதில்லை. தமிழில் விதி என்பதற்கு இரண்டு பொருள் இருப்பது இங்கே சற்றுக் கசப்பாகவே பொருந்துகிறது. ஆனாலும் நீதிமன்றங்கள் இவற்றை எடுத்துக்காட்டுகின்றன. உள்நாட்டுச் சிறை விதிகளை எழுதுவோர் இவற்றைப் பார்க்கிறார்கள்.

சிறைவாசியோ குடும்பத்தினரோ உடனே பயன்படுத்தக்கூடியவை 54 முதல் 57 வரையுள்ள விதிகள். உள்ளே வந்தவுடன் உரிமைகளை எழுத்தில் தர வேண்டும்; படிக்கத் தெரியாதவருக்கு வாயால் சொல்ல வேண்டும். சிறை அதிகாரியிடம் கோரிக்கையோ புகாரோ சொல்ல ஒவ்வொரு நாளும் வாய்ப்பு தர வேண்டும். புகார் கொடுத்ததற்காகப் பழிவாங்கக் கூடாது. சிறைவாசியின் சார்பில் வழக்கறிஞரும் அந்தப் புகாரைக் கொடுக்கலாம்; அவர்கள் இருவராலும் முடியாதபோது குடும்பத்தினரும் கொடுக்கலாம்.