குதிருக்குள் இருந்த பூதம்

காங்கயத்துக்குத் தெற்கே, கிளுவை வேலி போட்ட கொறங்காட்டு மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவில் என் தங்கையின் தோட்டத்து வீடு, எங்கள் பேச்சில் சாளை, இருக்கிறது. பக்கத்துச் சாளைக்குப் போக இரண்டு காடு தாண்ட வேண்டும். கொங்கு நாட்டில் இது வெகுகாலப் பழக்கம். ஊர் ஒரு பக்கம் இருக்கும். குடியானவர் குடும்பங்கள் அவரவர் தோட்டத்திலேயே தள்ளித் தள்ளிக் குடியிருக்கும். பள்ளிக்கூடத்தில் சேரும் வரை அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கு விளையாட்டுத் துணை ஒரு நாய், ஒரு கன்றுக்குட்டி, அதற்கும் மேலே தன் மனம்.

தங்கையின் மகளுக்கு நான்கரை வயது. ஒரு நாள் பிற்பகல் முழுவதும் திண்ணையில் உட்கார்ந்து அவள் தனியாக விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து தேங்காய்த் தொட்டிகள் வரிசையாக. ஒன்றில் மண் சோறு, ஒன்றில் வேப்பம்பழக் குழம்பு. யாருக்கு இந்தச் சமையல் என்றால், ஆசாரம் என்று நாங்கள் சொல்லும் வீட்டுக் கூடத்து மூலையில் நிற்கும் பழைய மண் குதிருக்குள் ஒரு பூதம் இருக்கிறதாம், அதற்குப் பசியாம். கம்பும் சோளமும் நிறைந்திருந்த குதிர் அது. இப்போது உள்ளே நாலு காலிச் சாக்குதான். தவசம் எடுக்கும் கீழ்வாய்க்கு முன்னால் தொட்டியை வைத்துவிட்டு, கரகரத்த குரலில் பூதமாகப் பேசினாள். உடனே தன் குரலுக்குத் திரும்பி, "சுடுகிறது, ஊதிச் சாப்பிடு" என்று அதை அதட்டினாள்.

பொழுது இறங்கியது. கட்டுத்தரையில் பால் கறந்துகொண்டிருந்த அவள் அம்மா, குதிருக்குப் பக்கத்தில் தொங்கும் துண்டை எடுத்து வரச் சொன்னாள். பிள்ளை வாசற்படி வரை போனாள், நின்றாள். "உள்ளே நிஜமாகவே பூதம் இருக்கிறதா, அம்மிணி?" என்று கேட்டேன். "இல்லை. நான்தானே வைத்தேன்" என்றாள், தயக்கமே இல்லாமல். அப்படியானால் போய் எடுத்து வரலாமே என்றதும் என் விரலைப் பிடித்துக்கொண்டாள். மாமாவும் கூட வர வேண்டும் என்றாள்.

சின்னப் பிள்ளைக்கு நிஜம் எது, கற்பனை எது என்று தெரியாது, அதனால்தான் பயப்படுகிறது என்று பெரியவர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவளுக்குத் தெரிந்திருந்தது. மதியம் முழுக்கப் பரிமாறிய மண் சோற்றில் ஒரு பருக்கை கூட அவள் வாய்க்குப் போகவில்லை. உண்மையாகவே பசித்தபோது அடுப்படிக்குப் போய் ராகிக் களி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். தெரிந்திருந்தும் பயந்தாள். விளக்கம் தேவைப்படுவது இந்த 'தெரிந்திருந்தும்' என்ற சொல்லுக்குத்தான்.

பாவனை விளையாட்டு ஏறக்குறைய ஒன்றரை வயதில் அரும்பி, மூன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் செழிக்கிறது. அதன் அடிப்படை வேலைப்பாட்டை 1987-இல் ஆலன் லெஸ்லி என்ற உளவியலாளர் அழகாக விளக்கினார். வெறும் கோப்பைகளில் தேநீர் ஊற்றுவதுபோல் நடித்து, ஒன்றைக் கவிழ்த்துக் காட்டி, எது காலி என்று இரண்டு, இரண்டரை வயதுப் பிள்ளையிடம் கேட்டால், கவிழ்த்ததைச் சரியாகக் காட்டும். இரண்டுமே காலிதான் என்பதும் அதற்குத் தெரியும். நிஜ உலகத்தைப் பற்றிய அறிவு ஒரு கணக்கு, 'இப்போதைக்கு இப்படி' என்பது இன்னொரு கணக்கு. இரண்டும் கலந்துவிடாமல் நடுவே ஒரு வரப்பு போட்டுக்கொள்கிறது மூளை. அந்த வரப்பு இல்லையென்றால் மண் சோறு உண்மையிலேயே வாய்க்குப் போய்விடும். தேங்காய்த் தொட்டி எதற்கு என்பதே மறந்துபோகும்.

அறிவு அந்த வரப்பைத் தாண்டுவதில்லை. ஆனால் பயத்துக்கு அந்த வரப்பு கண்ணிலேயே படுவதில்லை.

1991-இல் இங்கிலாந்தில் உளவியலாளர் பால் ஹாரிஸும் அவருடன் பணியாற்றியவர்களும் செய்த சோதனையைப் படித்தபோது, எங்கள் ஆசாரத்தில் நடந்ததையே படிப்பதுபோல் இருந்தது. நான்கு வயதும் ஆறு வயதும் ஆன பிள்ளைகளிடம் காலிப் பெட்டிகளைத் திறந்து காட்டினார்கள். ஒரு பெட்டிக்குள் ஒரு முயலோ, கடிக்க வரும் கொடிய உருவமோ இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளச் சொன்னார்கள். நிஜமாக இருக்கிறதா என்று கேட்டதற்கு, இல்லை, சும்மா நினைத்துக்கொண்டதுதான் என்று தெளிவாகச் சொன்னார்கள் பிள்ளைகள். பிறகு, பரிசுப் பொருள் எடுத்து வருவதாகச் சொல்லி ஆய்வாளர் வெளியே கிளம்பினார். கொடிய உருவத்தை நினைத்திருந்த நான்கு வயதுப் பிள்ளைகளில் சிலர் அவரைப் போகவே விடவில்லை. தனியாக இருக்கச் சம்மதித்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பெட்டியருகே போனார்கள், தொட்டார்கள், திறந்து பார்த்தார்கள். அதிலும் வெறும் பெட்டியை விட, தாங்கள் கற்பனையை வைத்த பெட்டியைத்தான் அதிகம் நாடினார்கள். ஒன்றை மனத்தில் தெளிவாக வரைந்துவிட்டால் அது நடக்கக்கூடியதாகவே தோன்றத் தொடங்குகிறது என்று ஹாரிஸ் விளக்கினார். இல்லை என்று தெரியும். ஆனாலும், ஒருவேளை?

இது பிள்ளைகளோடு நின்றுவிடும் பலவீனமும் அல்ல. 1986-இல் பால் ரோசின் குழுவினர் கல்லூரி மாணவர்களின் கண்ணெதிரே இரண்டு பாட்டில்களில் சர்க்கரையைக் கொட்டினார்கள். 'சர்க்கரை', 'சோடியம் சயனைடு' என்ற சீட்டுகளை எதில் எதை ஒட்டுவது என்பதை மாணவர்களின் விருப்பத்துக்கே விட்டார்கள். தாங்களே ஒட்டிய சீட்டுதான் என்றாலும், சயனைடு என்று எழுதிய பாட்டிலின் சர்க்கரையைக் கலந்து குடிக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. நான்கரை வயதில் குதிரின் முன்னால் நின்றுவிடும் அதே கால்தான் இருபது வயதிலும் நிற்கிறது.

மூளைக்குள் என்ன நடக்கிறது? நெற்றியின் இரு பக்கப் பொட்டுகளுக்கும் உள்ளே ஆழத்தில், பாதாம் பருப்பு வடிவில் பக்கத்துக்கு ஒன்றாக அமிக்டலா என்ற சிறு பகுதி இருக்கிறது. ஆபத்து என்று எதையாவது அது கணித்துவிட்டால் உடம்பு உடனே தயாராகிறது: அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, கண்மணி விரிகிறது, தசைகள் இறுகுகின்றன. இதற்கு நேரில் அடி படவேண்டும் என்பதில்லை. 2001-இல் எலிசபெத் ஃபெல்ப்ஸின் குழு, ஒரு குறிப்பிட்ட நிறம் திரையில் வரும்போது லேசான மின்னதிர்ச்சி வரலாம் என்று பெரியவர்களிடம் சொல்லி வைத்தது. கடைசி வரை ஒரு அதிர்ச்சியும் கொடுக்கவில்லை. அந்த நிறம் வரும்போதெல்லாம் அமிக்டலா துடித்தது. சொல் மட்டுமே போதுமானதாக இருந்தது. தனக்குத் தானே கதை சொல்லிக்கொண்டு விளையாடும் பிள்ளைக்கு அந்தச் சொல் வெளியிலிருந்து வரவேண்டிய அவசியமும் இல்லை.

பெரியவர்களிடம் இந்தப் படபடப்பை அடக்க ஒரு கடிவாளம் இருக்கிறது. நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் புறணி, நிலைமையை எடைபோட்டு, "ஒன்றுமில்லை, விடு" என்று அமிக்டலாவை அமர்த்துகிறது. அந்தப் புறணி முழுதாக முதிர இருபது வயதைத் தாண்டுகிறது. நான்கு வயது முதல் இருபத்திரண்டு வயது வரையானவர்களின் மூளையைப் படம் பிடித்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், பயந்த முகங்களைப் பார்க்கும்போது பத்து வயதுக்குக் கீழே இந்த இரண்டு பகுதிகளின் துடிப்பும் ஒன்றாகவே ஏறியது. பத்து வயதை ஒட்டித்தான் ஒன்று ஏறினால் மற்றது அடங்கும் உறவு தென்படத் தொடங்கியது. ஆகவே, "பூதம் இல்லை" என்று என் மருமகள் சொன்னது அறிவு. அந்த அறிவைக் கொண்டுபோய்ப் பயத்தின் மேல் பிடிக்கும் கயிறு அவளிடம் இன்னும் முறுக்கேறவில்லை.

அந்தி நேரம் வேறு சேர்ந்துகொண்டது. மங்கிய வெளிச்சத்தில் நிறமும் நுணுக்கமும் காட்டும் கண்ணின் கூம்புச் செல்கள் ஓய்ந்து, உருவ வரையை மட்டும் காட்டும் கோல் செல்கள் வேலையை எடுத்துக்கொள்கின்றன. அவை இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். வெளி வாசலின் வெளிச்சத்திலிருந்து ஆசாரத்துக்குள் எட்டிப் பார்க்கும் பிள்ளைக்கு அந்த அவகாசம் இல்லை. அரைகுறையாகத் தெரிவதை மூளை இட்டு நிரப்புகிறது, அதுவும் முகமாக. முகம்போல் ஏதாவது பட்டால் ஒரு நொடியில் ஆறில் ஒரு பங்கு நேரத்துக்குள் மூளை அதற்குப் பதில் கொடுத்துவிடுகிறது. குதிரின் கீழ்வாய் ஒரு வாய்தானே? அதற்கு மேலே சுவரில் இரண்டு மாடக்குழிகள். நான் அவள் உயரத்துக்குக் குனிந்து பார்த்தேன். மதியம் சமையல்கட்டாக இருந்த மூலை, அந்த வெளிச்சத்தில் வாய் பிளந்த முகமாக இருந்தது.

ஆனால் மதியம் முழுக்க அதே பூதத்தோடு அவள் தைரியமாகத்தானே இருந்தாள்? என் மனம் அதிகம் நின்றது இங்கேதான். தனியாக விளையாடும் பிள்ளை எல்லா வேடத்தையும் தானே போடுகிறது. தனக்குத் தானே வாய்விட்டுப் பேசும் அந்தப் பேச்சைப் பற்றி உளவியலாளர் ழான் பியாஜே எழுதினார். அது வளர வளர உள்ளே அடங்கி, சிந்தனையாகவும் தன்னைத் தானே நடத்திக்கொள்ளும் திறனாகவும் மாறுகிறது என்று இன்னொரு உளவியலாளர் லெவ் விகோட்ஸ்கி கண்டார். பூதத்தின் குரல் அவள் தொண்டையில் இருந்தவரை அது எப்போது உறும வேண்டும், எப்போது அடங்க வேண்டும் என்பது அவள் கையில் இருந்தது. பயத்தைக் கொஞ்சம் ஏற்றுவாள், சிரிப்பாள், இறக்குவாள். துண்டு எடுக்கப் போனபோது விளையாட்டு முடிந்திருந்தது. பூதத்துக்குக் குரல் கொடுக்க ஆள் இல்லை. உருவம் மட்டும் மிச்சம் நின்றது. ஊமையாகிப்போன பூதம் என்ன செய்யும் என்று அவளுக்கும் தெரியாது.

அதனால்தான், சோறு ஊட்டுவதற்காகப் பூச்சாண்டியைக் கூப்பிடும் வழக்கத்தைப் பார்த்தால் எனக்கு மனம் வலிக்கிறது. இரண்டும் பூதம்தான், ஆனால் ஒன்றின் கயிறு பிள்ளையிடம் இருக்கிறது, மற்றதன் கயிறு பெரியவரிடம். அந்தப் பெரியவரைத்தான் பிள்ளை எல்லாவற்றுக்கும் நம்புகிறது. ஆண்டி ஃபீல்ட் என்ற ஆய்வாளர் 2003-இல் வெளியிட்ட சோதனையில், ஆறு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளிடம் அவர்கள் கேள்விப்பட்டிராத ஆஸ்திரேலிய விலங்குகளைப் பற்றிச் சொல்லப்பட்டது. ஒன்றைப் பற்றிக் கெட்ட செய்தி, ஒன்றைப் பற்றி நல்ல செய்தி. கெட்டதாகக் கேள்விப்பட்ட விலங்கு இருப்பதாகச் சொன்ன பெட்டிக்குள் கைவிடப் பிள்ளைகள் தயங்கினார்கள். ஒரு கவளம் சோற்றுக்காகச் சொன்ன வார்த்தை அந்தக் கவளத்தோடு செரித்துவிடுவதில்லை.

"ஒன்றும் இல்லை, போ" என்பதும் இந்த வயதில் அதிகம் உதவுவதில்லை. 2009-இல் லியாட் சய்ஃபானும் கிறிஸ்டின் லகாட்டுட்டாவும், பயங்கர உருவத்தை எதிர்கொள்ளும் கதைப் பாத்திரத்துக்கு என்ன செய்தால் பயம் குறையும் என்று பிள்ளைகளிடமே கேட்டார்கள். ஏழு வயதுக்காரர்கள், அது நிஜமில்லை என்று நினைத்துக்கொள்ளச் சொன்னார்கள். சின்னவர்கள் கற்பனைக்குள்ளேயே வழி தேடினார்கள்: அது நல்ல பூதம் என்று வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். போர்க்காலத்து இஸ்ரேலில் பதற்றத்தில் இருந்த சின்னப் பிள்ளைகளிடம் அவி சாதே குழுவினர் ஒரு பொம்மை நாயைக் கொடுத்து, இது சோகமாக இருக்கிறது, நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். 2008-இல் வெளியான அந்த ஆய்வில், நாயைக் கவனித்துக்கொண்ட பிள்ளைகளின் பதற்றம் குறைந்திருந்தது. பயந்த பிள்ளைக்குக் காவலாளி வேலை கிடைத்தது.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் காட்டோரத்துக் கருப்பராயன் சாமியை அணுகும் விதத்தை இதோடு சேர்த்து யோசிக்கிறேன். உருட்டிய விழி, ஓங்கிய அரிவாள். பார்த்தால் நடுங்க வேண்டிய உருவம். ஆனால், அவர் நம் காட்டுக்குக் காவல், இருட்டில் வருகிறவனைத்தான் அவர் பார்த்துக்கொள்வார் என்று அப்பாரும் ஆத்தாவும் சொல்லித் தருகிறார்கள். பெரியவர்களுக்கு அது பக்தி. அதை விளையாட்டோடு நான் ஒப்பிடவில்லை. பிள்ளையின் பக்கமிருந்து பார்த்தால், அச்சம் தரும் முகம் தன் கட்சியில் நிற்கிறது.

பயம் மாதக்கணக்கில் தூக்கத்தையும் சாப்பாட்டையும் குலைத்தால், பள்ளிக்கூடம் போகவே மறுத்தால், குழந்தை மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும். வாசற்படியில் நின்று விரலைப் பிடிப்பது அந்த வகை அல்ல.

அன்று நான் அவளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போகவில்லை. விளக்கையும் போடவில்லை. படியிலேயே உட்கார்ந்து, ராத்திரியில் பூதம் என்ன செய்யும் என்று கேட்டேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். அதற்கு இருட்டு என்றால் பயம், என்றாள். நான் எதிர்பார்க்காத பதில். அப்படியானால் யாராவது அதைத் தூங்க வைக்க வேண்டுமே என்றேன். விரலை விட்டாள். வாசலில் கிடந்த தொட்டிகளில் மண் சோறு மிச்சமிருந்த ஒன்றை எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தாள். குதிரின் வாய்க்கு முன்னால் அதை வைத்து, "சத்தம் போடாமல் தூங்கு" என்று அவள் அம்மாவின் குரலிலேயே சொன்னாள். பிறகு துண்டை உருவிக்கொண்டு திரும்பினாள். நிதானமாகத்தான் வந்தாள். கடைசி நான்கு அடி மட்டும் ஓட்டம்.