பிள்ளை மீது குற்றச்சாட்டு வந்தால்: 'புரொபேஷனும்' 'ஆர்டிசி'யும்

மகன் மீது குற்றம் சாட்டப்பட்டதும் பெற்றோர் வழக்கறிஞரிடம் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை மாசம் உள்ள இருக்கணும்?" என்பதுதான். சிங்கப்பூரில் 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் என்றால் நீதிமன்றம் அந்தக் கணக்கிலிருந்து தொடங்குவதில்லை. இவரைத் திருத்த முடியுமா, எங்கே வைத்துத் திருத்துவது என்றுதான் முதலில் பார்க்கும். குற்றம் மிகக் கடுமையானது, பாதிப்பு பெரியது, எச்சரித்தும் திரும்பத் திரும்ப அதையே செய்கிறவர் என்றால் அந்த நோக்கம் பின்னுக்குப் போகும். பிறகு சிறை, பிரம்படி என்று பேச்சு திரும்பும்.

வயது வரம்பில்தான் பலர் குழம்புகிறார்கள். 10 வயதுக்குக் கீழ் குற்றப் பொறுப்பே கிடையாது. 7 என்று இருந்ததை 2019ல் நிறைவேறிய திருத்தம் 10 ஆக்கியது. 16 நிரம்பாதவர் வழக்கு பொதுவாக இளையர் நீதிமன்றத்துக்குப் போகும். பெரியவர் ஒருவருடன் சேர்த்துக் குற்றம் சாட்டப்பட்டாலோ, உயர் நீதிமன்றம் மட்டுமே விசாரிக்கக்கூடிய குற்றமாக இருந்தாலோ அங்கே போகாது. 16 தாண்டியவர் பெரியவர்களுக்கான நீதிமன்றத்தில்தான் நிற்க வேண்டும். பராமரிப்பு, பாதுகாப்பு என்று வரும்போது 2020 முதல் 18 வயது வரை இளையர் என்று ஏற்கும் அதே சட்டம், குற்றம் என்றதும் 16இல் கோடு போடுகிறது. பெற்றோரால் கொடுமைப்படுத்தப்படும் 17 வயதுப் பிள்ளைக்கு ஓர் அளவுகோல், கடையில் திருடிய 17 வயதுப் பிள்ளைக்கு வேறோர் அளவுகோல். இது நியாயமாகப் படவில்லை.

எல்லா வழக்கும் நீதிமன்றம் வரை வருவதில்லை. சிறிய குற்றமென்றால் ஆறு மாத வழிகாட்டித் திட்டத்தில் சேர்ப்பார்கள். சமூக சேவையாளர் பிள்ளையோடும் பெற்றோரோடும் உட்கார்ந்து பேசுவார். ஒழுங்காக முடித்தால் கடும் எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள். பாதியில் நிறுத்தினால் கோப்பு மீண்டும் திறக்கும். போலீஸ் விசாரணையின்போது இளம் சந்தேக நபருடன் உட்காரும் தொண்டூழியர் வழக்கறிஞர் அல்லர். கேள்வி பிள்ளைக்குப் புரிகிறதா, பசிக்கிறதா, பயந்திருக்கிறானா என்று கவனிப்பதே அவர் வேலை. "அவரே எல்லாம் பார்த்துக்குவார்" என்று நினைத்து வழக்கறிஞரைத் தேடாமல் இருந்துவிடாதீர்கள்.

வழக்கு நீதிமன்றம் வந்துவிட்டால் எல்லாம் ஓர் அறிக்கையைச் சுற்றித்தான். எல்லாரும் 'புரொபேஷன்' என்று சொல்லும் நன்னடத்தைக் கண்காணிப்புக்குப் பிள்ளை பொருத்தமானவரா என்று சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சின் அதிகாரி சில வாரங்களில் எழுதித் தருவது அது. பிள்ளையிடமும் வீட்டாரிடமும் பேசுவார், பள்ளியைக் கேட்பார், நண்பர் வட்டத்தை விசாரிப்பார்.

நம் வீடுகளில் காரியம் கெடுவது இங்கேதான். "பையன் தங்கமான பையன், சேர்க்கைதான் சரியில்ல, ஒன்பது மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துடுவான்" என்பார் அம்மா. பள்ளியிலிருந்து வரும் பதிவில் வாரத்தில் இரண்டு நாள் வரவில்லை என்று இருக்கும். பையனே நள்ளிரவு வரை அடுக்குமாடி புளோக் கீழே இருந்ததாகச் சொல்லியிருப்பான். அந்த ஒரு பொய்யால், இந்த வீட்டில் கண்காணிப்பு நடக்காது என்ற முடிவுக்கு அதிகாரி வந்துவிடக்கூடும். மானம் போய்விடும் என்று மறைப்பது புரிகிறது. ஆனால் அதிகாரிக்கு வேண்டியது பிள்ளையின் நற்சான்றிதழ் இல்லை. இரவில் அவனை யார் பிடித்து வைப்பார்கள் என்ற விவரம்தான்.

அதைத் தாளில் எழுதிக் கொடுங்கள். வாரத்தின் ஏழு நாளுக்கும் ஒரு வரி போதும்: "செவ்வாய்: அப்பா இரவு ஷிஃப்ட். அம்மா வேலை முடிந்து 11 மணிக்கு வருவார். 7 முதல் 11 வரை பையன் அடுத்த புளோக்கில் இருக்கும் அத்தை வீட்டில் இருப்பான்." அத்தையிடம் முதலில் கேட்டுவிட்டு எழுதுங்கள், அவரிடமும் அதிகாரி பேசக்கூடும்.

உத்தரவு கிடைத்தால் காலம் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை. இரவு 10 முதல் காலை 6 வரை வீட்டில் இருக்க வேண்டும் என்பது பரவலான நிபந்தனை. சிலருக்குக் காலில் மின்னணுப் பட்டையும் சிறுநீர்ச் சோதனையும் உண்டு. 240 மணி நேரம் வரை சமூக சேவை வரலாம். பெற்றோர் 5,000 வெள்ளிக்குப் பிணை எழுதித் தருவதும் சாதாரணம். நிபந்தனையை மீறினால் நீதிமன்றம் பழைய குற்றத்துக்கே புதிதாகத் தண்டனை விதிக்கலாம். ஒழுங்காக முடித்தவருக்கு ஒரு பெரிய நன்மை உண்டு: பெரும்பாலான சட்டத் தேவைகளுக்கு அது குற்றத் தீர்ப்பாகக் கருதப்படாது.

வீடு தாங்காது என்று தோன்றினால் அடுத்தது இளையரை மையத்தில் அடைத்து வைத்துத் திருத்தும் சீர்திருத்தப் பயிற்சி, பேச்சுவழக்கில் 'ஆர்டிசி'. 2018க்கு முன் உள்ளே குறைந்தது 18 மாதம் இருக்க வேண்டும். 2018இல் வந்த மாற்றத்தால், குறைந்தபட்சம் 6 மாதமா 12 மாதமா என்று நீதிபதியே குறிப்பிடும் நிலை வந்தது. வெளியே வந்த பிறகும் மேற்பார்வை தொடரும். எல்லாம் சேர்த்து 54 மாதம் வரை போகலாம். "இதுக்கு ரெண்டு மாசம் ஜெயிலே தேவலாம்" என்று சொல்லும் இளையர்கள் உண்டு. நாட்களை மட்டும் எண்ணினால் அது சரிதான். ஆனால் குறுகிய சிறைத் தண்டனையில் படிப்பு பாதியில் நிற்கும், மூத்த கைதிகளின் பழக்கம் ஒட்டும், வெளியே வந்தால் பிடித்து நிறுத்த ஆளிருக்காது. ஆனாலும் சில நூறு வெள்ளி மதிப்புள்ள திருட்டுக்கு, வீடு சரியில்லை என்ற ஒரே காரணத்தால் 12 மாதம் வைப்பது குற்றத்தின் அளவைத் தாண்டிப்போகிறது. அப்படிப்பட்ட வழக்கில் கண்காணிக்கத் தயாராக இருக்கும் உறவினரைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் வழக்கறிஞர் செய்யக்கூடிய உருப்படியான வேலை.

வழக்கைத் தள்ளிவைக்கக் கேட்பதற்குமுன் பிறப்புச் சான்றிதழைப் பாருங்கள். சீர்திருத்தப் பயிற்சிக்கு, குற்றவாளி என்று தீர்ப்பாகும் நாளில் 21 நிரம்பியிருக்கக்கூடாது. 20 வயது 10 மாதத்தில் இருக்கும் ஒருவருக்காக மூன்று மாதம் ஒத்திவைக்கக் கேட்டால், அந்த வழி அடைபட்டு, மிச்சம் சிறை மட்டுமே என்ற நிலைக்கு வழக்கு போய்விடலாம்.