சென்னை விமானம் ஏன் பாலக்காட்டைப் பார்த்துக் கிளம்புகிறது?

பல்லடத்து நண்பர் ஒருவர் கேட்டார்: "கோயமுத்தூர்லருந்து சென்னைக்கு நேர்கோடு போட்டா 400 கிலோமீட்டர் சொச்சம்தானுங்க. 800 கிலோமீட்டர் வேகத்துல போற விமானத்துக்கு அரை மணி போதும். டிக்கெட்ல ஏனுங்க ஒரு மணி நேரத்துக்கு மேல போடறாங்க? அதுவும் போன ஆடியில, கிழக்க இருக்கற சென்னைக்கு மேக்க பார்த்தில்ல கிளம்புச்சு?"

முதல் கேள்வி சுலபம். டிக்கெட்டில் இருப்பது, விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வது முதல் சென்னையில் போய் நிற்பது வரையிலான நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முறைக்குக் காத்திருப்பது எல்லாம் அதில் சேர்த்தி. 800 கிலோமீட்டர் வேகமும் உயரே போன பிறகுதான். 10,000 அடிக்குக் கீழே மணிக்கு சுமார் 460 கிலோமீட்டர்தான் பொதுவான வரம்பு. இவ்வளவு குறைந்த தூரத்தில் ஏறி முடித்த கொஞ்ச நேரத்திலேயே இறங்க ஆரம்பித்துவிட வேண்டும்.

இரண்டாவது கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. இறக்கைக்குத் தரை எவ்வளவு வேகமாகப் பின்னால் ஓடுகிறது என்பது தெரியாது; தன் மேல் காற்று எவ்வளவு வேகமாக வழிகிறது என்பது மட்டும்தான் கணக்கு. சின்ன வயசில் அறுவடை முடிந்த சோளக்காட்டில் பட்டம் விட்டவர்களுக்கு இது கைக்கே தெரியும். காற்றை எதிர்த்து நாலு எட்டு வைத்தாலே நூல் விறைத்துப் பட்டம் ஜிவ்வென்று ஏறும், காற்றோடு சேர்ந்து எவ்வளவு ஓடினாலும் தரையில் புரண்டுகொண்டே வரும்.

ஒரு விமானம் எழும்ப இறக்கை மேல் மணிக்கு 250 கிலோமீட்டர் காற்று வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எதிரே 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் சக்கரம் 220-ல் ஓடினால் போதும், மீதியைக் காற்றே தந்துவிடுகிறது. 30தானே குறைந்தது என்று நினைக்க வேண்டாம், ஓட வேண்டிய தூரம் வேகத்தின் வர்க்கத்தை, அதாவது வேகத்தை அதே வேகத்தால் பெருக்கி வருவதைப் பொறுத்தது. காற்றே இல்லாதபோது 1,500 மீட்டர் ஓட வேண்டுமென்றால், எதிர்காற்றில் சுமார் 1,160 மீட்டர். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் கிட்டத்தட்ட 1,880! எந்தப் பக்கம் முகம் வைக்கிறோம் என்ற ஒரே முடிவில் 700 மீட்டர் வித்தியாசம்.

கோவை ஓடுபாதை தென்மேற்கு–வடகிழக்காகக் கிடக்கிறது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பாய்ந்து பல்லடம், உடுமலைக் காற்றாலைகளைச் சுழற்றும் அதே மேற்குக் காற்று ஓடுபாதையிலும் அடிக்கிறது. அதனால் விமானம் தென்மேற்கே ஓடி, சிங்காநல்லூர்ப் பக்கம் எழும்பி, அப்புறம் வளைந்து சென்னைக்குத் திரும்புகிறது. சில நிமிடங்கள் அதிலும் போகின்றன.

திங்களும் சனியும் கிழக்கே சூலம் என்று சென்னைப் பயணத்தைத் தள்ளிப்போடுகிற சொந்தக்காரர்கள் எனக்கும் உண்டு. நான் அதை ஏற்பதில்லை. பயணத்தில் திசை பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டென்றால் அது ஓடுபாதை. அங்கே கிழமையைப் பார்ப்பதில்லை, காற்றை அளந்து பார்க்கிறார்கள். நம் பள்ளிக்கூட மாடிகளிலும் பள்ளிக்கொரு காற்றுவேகமானி வைக்க அரசு கொஞ்சம் பணம் ஒதுக்கினால், பிள்ளைகள் ஆடிக்காற்றைப் பழமொழியில் மட்டுமில்லாமல் எண்ணிலும் தெரிந்துகொள்வார்கள்.

மார்கழியில் போய்ப் பாருங்கள். காற்று கிழக்கிலிருந்து வரும், விமானமும் வடகிழக்கே சின்னியம்பாளையம் பக்கம் பார்த்து ஓடி எழும்பும், வளைய வேண்டிய வேலை பெரிதாக இருக்காது.