"கார் மோதலையே, சுளுக்குதானே?"

கலிஃபோர்னியா மவுண்டன் வியூவின் ஸ்டீவன்ஸ் க்ரீக் ட்ரெயிலில், அதாவது கார் வராத நடை-சைக்கிள் பாதையில், சைக்கிளிலிருந்து விழுந்த இன்னொரு மணிக்கட்டு இந்த வாரம் என்னிடம் வந்து சேர்ந்தது. விழுந்து ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. அதுவரை தைலம், ஐஸ், யூடியூபைப் பார்த்துச் செய்த பயிற்சி. "கார் எதுவும் மோதலை, ஈர இலையில வழுக்கிச் சும்மா சாஞ்சேன். விரலெல்லாம் அசையுது, டைப்கூட அடிச்சேன். சுளுக்குன்னு விட்டுட்டேன்." கை, தோள் காயங்களுக்குப் பிசியோதெரபி செய்பவள் நான். இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

முதலில் அந்த "விரல் அசையுதே" விஷயத்தை முடித்துவிடுவோம். விரலை மடக்கி நீட்டும் பெரிய தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அவற்றின் தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல் வரை போகின்றன. நடுவில் ஒரு சின்ன எலும்பு முறிந்து கிடந்தாலும் விரல் அதுபாட்டுக்கு அசையும். விரல் அசைந்தால் தசைநாண் அறுந்துபோகவில்லை என்று தெரியும், அவ்வளவுதான். எலும்பைப் பற்றி அது எதுவும் சொல்லாது. வீக்கம் இல்லை என்பதும் அப்படித்தான். டைப் அடிக்க முடிந்தது என்பதும் அப்படித்தான். பெரிய பெரிய மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பவர்கள் இதை மட்டும் நம்ப மறுக்கிறார்கள்.

கையை ஊன்றி விழும்போது அடிக்கடி மாட்டுவது ஸ்கேஃபாய்ட். மணிக்கட்டின் எட்டுச் சிற்றெலும்புகளில் அதிகம் முறிவது இதுதான், முந்திரிப்பருப்பு மாதிரி இருக்கும். கட்டைவிரலை நன்றாக விரித்துத் தூக்குங்கள். அதன் அடியில், மணிக்கட்டுப் பக்கம், இரண்டு தசைநாண்களுக்கு நடுவே ஒரு குழி தெரியும். மூக்குப்பொடி போடுகிறவர்கள் பொடியை வைக்கும் இடம். விழுந்த பிறகு அந்தக் குழியில் அழுத்தினால் வலிக்கிறதா? அது எலும்பு முறிவு என்றே வைத்துக்கொண்டு அன்றைக்கே அர்ஜன்ட் கேருக்கு, அதாவது முன்பதிவில்லாமல் உடனே பார்க்கும் கிளினிக்குக்குப் போங்கள். முதல் எக்ஸ்-ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம், இந்த எலும்பின் குணமே அது. சந்தேகம் இருந்தால் கட்டைவிரலோடு சேர்த்துக் கட்டுப் போட்டு, 10 முதல் 14 நாளில் மறுபடி எக்ஸ்-ரே எடுப்பார்கள், அல்லது எம்ஆர்ஐ எடுப்பார்கள். "எக்ஸ்-ரே நார்மல்" என்று அந்தக் கட்டைக் கழற்றி எறிந்துவிட்டு மறுநாளே சைக்கிள் ஏறாதீர்கள். இந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்து முனையிலிருந்துதான் வருகிறது. நடுவில் முறிந்தால் மறுபாதி பட்டினி கிடக்கும். கவனிக்காமல் விட்டால் ஒட்டாது, சில சமயம் அந்தப் பாதி செத்தே போகும். அப்புறம் அறுவை சிகிச்சை, திருகு, மாதக்கணக்கில் என் முகம். தயவுசெய்து இழுத்து உருவிச் சுளுக்கெடுக்க யாரிடமும் கையைக் கொடுக்காதீர்கள்.

சரி, ட்ரெயிலுக்கு வருவோம். கார் இல்லை என்பதாலேயே ரோட்டில் ஓட்டுவதைவிட அலட்சியமாக ஓட்டுகிறோம். ஸ்டீவன்ஸ் க்ரீக் ட்ரெயிலில் வேக வரம்பு மணிக்கு 15 மைல், ஏறத்தாழ 24 கிலோமீட்டர். ரோடு பைக்கில் 20 மைல் போவது பெரிய காரியமில்லை. அந்த வேகத்தில் ஒரு விநாடிக்கு 9 மீட்டர் கடந்துவிடுவீர்கள். வெயிலிலிருந்து நெடுஞ்சாலைக்கு அடியில் போகும் இருட்டுக்குள் நுழையும்போது கண் பழகுவதற்குள், எதிரே நாயோடு வருபவரின் அருகில் போயிருப்பீர்கள். நாயைப் பார்ப்பீர்கள், இழுத்தால் நீளும் அந்த மெல்லிய வாரைப் பார்க்க மாட்டீர்கள்.

மழை விட்ட மறுநாள் பாலத்தடியில் ஓடை கொண்டுவந்த வண்டல் படிந்திருக்கும், மேலே காய்ந்த மாதிரி தெரியும், அடியில் சேறு. மரப்பலகைப் பாலம் ஈரத்தில் எண்ணெய் தடவியதுபோல வழுக்கும். பிரேக்கை வளைவுக்கு முன்னால் பிடியுங்கள், வளைவில் பிடிக்காதீர்கள். ஷூவைப் பெடலோடு பூட்டிக்கொள்ளும் கிளிப் பெடல்காரர்கள் ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் ஒரு காலையாவது முன்கூட்டியே பெடலிலிருந்து கழற்றி வையுங்கள். நின்றுகொண்டிருக்கும்போதே சாய்ந்து காறை எலும்பை முறித்துக்கொண்டு வருபவர்களும் உண்டு. ஹெல்மெட் 18 வயதுக்குக் கீழேதான் சட்டப்படி கட்டாயம் என்று என்னிடம் சட்டம் பேசாதீர்கள். இரண்டு காதிலும் இயர்ஃபோன் கூடாது என்பதும் கலிஃபோர்னியா சட்டம்தான், அதை மட்டும் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. மணிக்கு 28 மைல் வரை உந்தும் மூன்றாம் வகை (Class 3) மின் சைக்கிளுக்கு, உள்ளூர் நிர்வாகம் அனுமதித்தால் தவிர, இந்த மாதிரிப் பாதைகளில் இடமில்லை.

கடைசியாக, ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோர்கள். காலை நடையில் அவர்களைப் பார்த்திருப்பீர்கள், புது ஷூ, குரங்குக் குல்லாய். இந்தியாவில் வாழ்நாள் முழுக்க இடப்பக்கம் ஒதுங்கிப் பழகியவர்கள். இங்கே வலப்பக்கம் நடக்க வேண்டும் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பின்னால் மணி அடித்தால் பதறி இடப்பக்கமே தாவுவார்கள், நீங்கள் முந்தப் போகிற அதே பக்கம். அந்த வயதில் தட்டிவிடப்பட்டால் மணிக்கட்டோடு நிற்காது, இடுப்பு எலும்பு. ஓட்டுகிறவர்கள் தொலைவிலேயே மணி அடித்து, நடை வேகத்துக்கு இறங்கி, அவர்கள் எந்தப் பக்கம் நகர்கிறார்கள் என்று பார்த்த பிறகு முந்துங்கள். அரை நிமிடம் போகும், போகட்டும். அழைத்து வந்த பிள்ளைகள் முதல் நாள் கூடவே போய் வலப்பக்கம் நடக்கக் காட்டிக் கொடுங்கள், மணி கேட்டால் திரும்பாமல் நேராக நடக்கச் சொல்லுங்கள். விசிட்டர் இன்ஷூரன்ஸ் அட்டையைப் படம் எடுத்து அவர்கள் போனிலும் போட்டு வையுங்கள்.