அரங்கேற்றமா, அரங்காக்கமா?

எங்கெல்பெர்ட் ஹம்பர்டிங்க் இசையமைத்த 'ஹான்சலும் கிரெத்தலும்' என்னும் தேவதைக் கதை ஓபரா (பாடி நடிக்கும் மேலை இசைநாடகம்), 1893 டிசம்பர் 23 அன்று ஜெர்மனியின் வைமர் நகரில் முதன்முதலாக மேடை கண்டது. அன்று நடந்தது அரங்கேற்றம். அதே ஓபராவை இன்றைய இயக்குநர் ஒருவர் புதிய காட்சிகளோடும் உடைகளோடும் வழங்கும்போதும் 'புதிய அரங்கேற்றம்' என்றே தமிழில் எழுதிவிடுகிறோம். அது பொருந்தாது.

அரங்கேற்றம் என்பது ஒரு கலைஞருக்கோ ஒரு படைப்புக்கோ ஒருமுறைதான் நிகழும். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில், ஏழாண்டு பயின்ற மாதவி தன் பன்னிரண்டாம் வயதில் மன்னன் முன் ஆடுகிறாள். நூல்களும் அவ்வாறே அவையோர் முன் அரங்கேறின. முதன்முறை என்னும் பொருளே இச்சொல்லின் உயிர். நூறாண்டு கடந்த ஓபராவுக்கு அதைச் சூட்டினால், படைப்பே புதிது என்று வாசகர் எண்ணக்கூடும்.

முன்பே உள்ள படைப்பை ஓர் இயக்குநர் தம் பார்வையில் மேடையில் அமைத்துக் காட்டுவதற்குத்தான் நாம் தமிழில் சொல் தேடுகிறோம். அக்கருத்துக்குப் பிரெஞ்சு மொழியில் 'மீஸ் ஆன் சேன்' என்று பெயர். காட்சியில் வைத்தல் என்பது அதன் நேர்ப்பொருள். 'சேன்' என்பதன் வேர் 'ஸ்கேனே' என்னும் கிரேக்கச் சொல். கூடாரம் அல்லது குடில் என்று பொருள்பட்ட அது, நடிகர்கள் முகமூடியும் உடையும் மாற்றிக்கொள்ள ஆடுகளத்தின் பின்னே எழுப்பிய அமைப்பைக் குறித்தது. பின்னர் இலத்தீன் வழியாக மேடைக்கும் காட்சிக்கும் பெயரானது. ஜெர்மானியர் அதே வேரிலிருந்து 'இன்செனீருங்' என்று ஒரு சொல்லை ஆக்கிக்கொண்டனர்.

இக்கருத்தை இந்த ஓபராவிலேயே தெளிவாகக் காணலாம். காட்டில் வழிதவறிய பிள்ளைகள் இருவரும் உறங்குமுன் ஒரு மாலை வேண்டுதலைப் பாடுகிறார்கள். தலைமாட்டில் இருவர், கால்மாட்டில் இருவர், வலப்புறம் இருவர், இடப்புறம் இருவர், போர்த்திவிட இருவர், எழுப்ப இருவர், விண்ணுலகுக்கு வழிகாட்ட இருவர் எனப் பதினான்கு தேவதூதர்கள் அதில் வருகிறார்கள். பிறகு பாட்டு ஓய்ந்து, இசை மட்டும் ஒலிக்க, அவர்கள் இறங்கிவந்து பிள்ளைகளைச் சூழ்ந்து காப்பதாக மூலம் கூறுகிறது. 1998இல் வேல்ஸ் நாட்டு ஓபரா நிறுவனமான வெல்ஷ் நேஷனல் ஓபராவுக்காக இதை இயக்கிய ரிச்சர்ட் ஜோன்ஸ், அவ்விடத்தில் பதினான்கு சமையற்காரர்களை வரவழைத்து விருந்து படைக்கச் செய்தார். பசியோடு உறங்கும் பிள்ளைகளின் கனவில் வேறு யார் வருவார்கள்? மூலத்தின் இசை அப்படியே இருக்க, அதன் பொருள் மட்டும் நம் கண்முன் புதிதாக விரிகிறது. என் மனத்தை நெகிழ்த்தும் காட்சி இது.

இச்செயலைத் 'தயாரிப்பு' என்றால் பணமுதலீடே முந்தி நினைவுக்கு வருகிறது. 'மேடையேற்றம்' தவறில்லை, ஆயினும் அது ஏற்றுவதைச் சொல்கிறதே தவிர, ஏற்றுபவரின் பார்வையைச் சொல்வதில்லை. 'நெறியாள்கை' இயக்குநரின் பணியை மட்டுமே குறிக்கும். மொழியாக்கம், நூலாக்கம் என்பனபோல 'அரங்காக்கம்' என்பதே எனக்கு ஏற்றதாகப் படுகிறது. மூலம் ஒன்றாக இருக்க, மொழியாக்கங்கள் பலவாக இருக்கலாம், அரங்காக்கங்களும் அப்படியே.

ஆகவே, ஹம்பர்டிங்கின் ஓபரா 1893இல் அரங்கேறியது. ஜோன்ஸின் அரங்காக்கம் 1998இல் உருவாகி, 2007இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபராவுக்கும் சென்றது என்று எழுதலாம். அந்த அரங்காக்கத்தையே பின்னர் எடுத்து வழங்கினால், அதை 'மறுநிகழ்த்தல்' என்றால் போதும்.