பேருந்துக்கு வெளியே நடக்கும் பள்ளிப் பயணம்

பள்ளிப் போக்குவரத்தைத் தணிக்கை செய்ய அழைக்கும் நிர்வாகத்தார் முதலில் என் முன் எடுத்து வைப்பது ஒரு கோப்பு. வண்டியின் தகுதிச் சான்று, காப்பீடு, ஓட்டுநர் உரிமம், தீயணைப்புக் கருவியை நிரப்பிய தேதி, முதலுதவிப் பெட்டியில் இருப்பவற்றின் பட்டியல் என எல்லாம் அதில் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் வண்டி வெளியே போகக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தக் கோப்பு முழுவதும் வண்டியைப் பற்றியதாகவே இருக்கிறது. குழந்தை வீட்டுப் படியிறங்கி நிறுத்தம் வரை எப்படி வருகிறது, எந்தப் பக்கம் இறங்கி எந்தப் பக்கம் கடக்கிறது, வண்டிக்குள் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறது, அதே வழித்தடத்தில் வரும் இன்னொரு குழந்தையைவிட எத்தனை நிமிடம் முன்னதாக எழ வேண்டியிருக்கிறது என்பவை எந்தத் தாளிலும் இருப்பதில்லை. வழித்தடம் வகுப்பதும் வகுத்தவற்றைத் தணிக்கை செய்வதும் என் தொழில். ஆபத்தும் பாரபட்சமும் பெரும்பாலும் குடியிருப்பது அந்த எழுதப்படாத பகுதியில்தான் என்பதே இத்தொழில் எனக்குக் காட்டியிருப்பது.

உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட சாலைப் பாதுகாப்பு அறிக்கையின்படி ஆண்டுதோறும் ஏறத்தாழ 11.9 லட்சம் பேர் சாலை விபத்துகளில் உயிரிழக்கின்றனர். 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் இறப்புக்கு முதற்காரணமும் அதுவே. இந்தப் பின்னணியில் பார்த்தால், முறையாகப் பராமரிக்கப்படும் பள்ளிப் பேருந்தின் இருக்கை ஒரு குழந்தைக்குச் சாலையில் கிடைக்கக்கூடிய பாதுகாப்பான இடங்களுள் ஒன்று. வண்டி கனமானது, உயரமானது, எல்லோர் கண்ணிலும் படுவது. அமெரிக்காவில் பள்ளிப் போக்குவரத்து தொடர்பான விபத்துகளில் இறக்கும் மாணவர்களுள், பேருந்துக்குள் இருந்தவர்களைவிட நடந்து சென்றவர்களே அதிகம். அவர்களுள் சிலர் தாங்கள் இறங்கிய அதே வண்டியால் அடிபட்டவர்கள்.

எனவே தணிக்கையின்போது நான் அதிக நேரம் செலவிடுவது படிக்கட்டிலும் அதைச் சுற்றியுள்ள மூன்று மீட்டரிலும்தான். ஒரு நூலின் நுனியில் சின்ன நட்டு ஒன்றைக் கட்டி, படிக்கட்டின் கைப்பிடிக் கம்பிக்குப் பின்னால் மேலிருந்து நழுவ விடுவேன். தடையின்றி வந்து கீழே தொங்கினால் சரி. கம்பியும் வண்டிச் சுவரும் சேரும் இடுக்கில் நட்டு சிக்கி நின்றால், அதே இடுக்கில் மேலாடையின் நாடாவும் புத்தகப்பையின் வாரும் சிக்கும். குழந்தை இறங்கிவிட்டது என்று எண்ணி ஓட்டுநர் கதவை மூடி வண்டியை எடுத்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1990களில் அப்படிக் குழந்தைகள் இழுத்துச் செல்லப்பட்டு இறந்த பிறகே கைப்பிடிகளைத் திரும்பப் பெற்று மாற்றியமைத்தார்கள். நூலும் நட்டும் கொண்டு செய்யும் இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆயினும் தகுதிச் சான்று பெற்ற வண்டிகளிலும் நட்டு சிக்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது ஓட்டுநரின் பார்வை. 5 வயதுக் குழந்தையின் சராசரி உயரம் சுமார் 110 சென்டிமீட்டர். அந்த அளவுக்கு ஒரு கம்பை வெட்டி, வண்டியின் முன் முட்டுக்கம்பியை ஒட்டி நிறுத்தி, ஓட்டுநரைத் தன் இருக்கையில் அமரச் சொல்லி, அவர் கண்ணுக்குக் கம்பின் தலை தெரியும் வரை அதை முன்னோக்கி நகர்த்திக்கொண்டே போனால், வண்டிக்கு வண்டி அந்தத் தூரம் எவ்வளவு மாறுகிறது என்பது ஓட்டுநருக்கே வியப்பாக இருக்கும். பல ஆண்டுகள் அதே வண்டியை ஓட்டியவர்கள்கூட இறங்கிவந்து தாமே ஒருமுறை அளந்து பார்ப்பதுண்டு. இது நிமிர்ந்து நிற்கும் குழந்தைக்கான கணக்கு. கையிலிருந்து நழுவிய தாளை எடுக்கக் குனியும் குழந்தை எந்த வண்டியிலும் தெரியாது. ஆகவே இறங்கியவுடன் ஓட்டுநரின் முகம் தனக்குத் தெரியும் தூரம்வரை முன்னே நடந்துபோய் நிற்க வேண்டும், கீழே விழுந்தது எதுவானாலும் எடுக்கக் குனியாமல் ஓட்டுநரிடமோ உதவியாளரிடமோ சொல்ல வேண்டும் என்ற இரண்டையும், ஏட்டில் எழுதிக் கொடுப்பதைவிட, வண்டியை நிறுத்தி வைத்துச் செய்து பழக்குவதே பயன் தரும்.

பள்ளிப் பேருந்துக்கு மஞ்சள் நிறம் வந்தது 1939இல். கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியின் பேராசிரியர் ஃபிராங்க் சைர் கூட்டிய மாநாட்டில், விடியலின் மங்கலான வெளிச்சத்திலும் கறுப்பு எழுத்துகள் இந்த நிறத்தின்மீது பளிச்சென்று தெரியும் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். நல்ல முடிவு, ஆனால் நிறம் வண்டியை மட்டுமே காட்டும், அதன் மறைவிலிருந்து சாலைக்கு வரும் குழந்தையைக் காட்டாது. உலர்ந்த சாலையில் ஓர் ஓட்டுநர் சுதாரித்துக்கொள்ள ஒன்றரை வினாடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வரும் கார் அதற்குள் 12 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக ஓடி, பிரேக் பிடித்தபின் மேலும் 5 மீட்டரில், ஆக மொத்தம் 18 மீட்டருக்குள் நின்றுவிடும். 50 கி.மீ. வேகத்தில் வரும் கார் அந்த ஒன்றரை வினாடியிலேயே 20 மீட்டரைத் தாண்டிவிடுகிறது. முதல் கார் முழுமையாக நின்றுவிட்ட இடத்தை, இரண்டாவது கார் பிரேக்கில் கால் படுவதற்கு முன்பே, வேகம் சிறிதும் குறையாமல் கடந்து போகிறது.

இதைக் குழந்தை கணித்து ஒதுங்கிக்கொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது. லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராயல் ஹாலோவே கல்லூரியின் உளவியலாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு, தொடக்கப் பள்ளி வயதுக் குழந்தைகளால் மணிக்கு ஏறத்தாழ 32 கி.மீ.க்கு மேற்பட்ட வேகத்தில் நெருங்கி வரும் வண்டியைச் சரியாக உணர முடிவதில்லை என்று காட்டியது. வேகமாக வரும் வண்டி நின்றுகொண்டிருப்பதுபோல் அவர்களுக்குத் தோன்றலாம். எத்தனை முறை அறிவுரை சொன்னாலும் வயதுக்கு மீறிய கண் வந்துவிடாது. எனவே சிறு குழந்தை எவரும் தனியாகச் சாலையைக் கடக்கத் தேவையில்லாதபடி நிறுத்தத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் வழித்தடம் வகுப்பவரின் வேலை. சாலையின் இரு பக்கமும் தனித்தனி நிறுத்தம் வைக்கலாம்; அல்லது வீடு இருக்கும் பக்கத்திலேயே கதவு திறக்கும்படி வண்டியைச் சுற்றிவரச் செய்யலாம். அப்படிச் செய்தால் பேருந்துக்குச் சில நிமிடம் கூடுகிறது. இங்கேதான் நிர்வாகத்துக்கும் எனக்கும் வழக்கமான வாக்குவாதம் தொடங்கும். நான்கு நிறுத்தங்களை ஒன்றாக்கினால் இத்தனை நிமிடம் மிச்சம் என்று அவர்கள் கணக்குக் காட்டுவார்கள். அந்த நிமிடங்கள் மாயமாகிவிடுவதில்லை. யாரோ ஒரு குழந்தை அவற்றைத் தன் கால்களால் ஈடுகட்டுகிறது.

யார் எவ்வளவு ஈடுகட்டுகிறார்கள் என்ற கேள்வி பழையது. அமெரிக்காவின் டொபீகா நகரில் லிண்டா பிரவுன் என்ற சிறுமியின் வீட்டுக்கு ஏழு தெருக்கள் தள்ளி வெள்ளையர் பள்ளி இருந்தது. அங்கே சேர்க்க மறுத்ததால், ரயில்வே முற்றத்தின் வழியாக நடந்து பேருந்து நிறுத்தத்தை அடைந்து, தொலைவிலிருந்த வேறு பள்ளிக்கு அவள் போக வேண்டியிருந்தது. அவளுடைய தந்தை முதல் மனுதாரராக நின்ற வழக்கில்தான் 1954 மே 17 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அன்றைய அநீதிக்குச் சட்டத்தின் பெயர் இருந்தது. இன்றைய வழித்தட அட்டவணைகளில் இருப்பதற்குப் பெயர் எதுவும் இல்லை. யாரும் திட்டமிட்டுச் செய்ததும் இல்லை.

ஓர் எடுத்துக்காட்டு. பள்ளியிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் நிறுத்தத்துக்கு நேரே போனால் 25 நிமிடம். அங்கிருந்து மற்ற நிறுத்தங்களில் எல்லாம் நின்று, பள்ளிக்கு மிக அருகிலுள்ள நிறுத்தத்துக்கு வர 55 நிமிடம். அதிலிருந்து பள்ளிக்கு 15 நிமிடம். காலையில் முதலில் ஏறும் குழந்தை 70 நிமிடமும் கடைசியில் ஏறும் குழந்தை 15 நிமிடமும் வண்டியில் இருக்கின்றன. மாலையில் பெரும்பாலான பள்ளிகள் அதே பாதையைத் தலைகீழாக ஓட்டுகின்றன. அதனால் முதலில் ஏறிய குழந்தையே கடைசியில் இறங்குகிறது. நாளொன்றுக்கு ஒருவருக்கு 140 நிமிடம், மற்றவருக்கு 30 நிமிடம். மாறாக, மாலையிலும் காலையின் வரிசைப்படியே, தொலைவிலுள்ள நிறுத்தத்துக்கு முதலில் நேரே போய், மற்றவர்களைப் பின்னால் இறக்கிக்கொண்டு வந்தால், தொலைவுக் குழந்தை 25 நிமிடத்தில் வீடு சேரும். அருகிலிருக்கும் குழந்தைக்கு 80 நிமிடம் ஆகும். கூட்டிப் பார்த்தால் இருவருக்கும் 95. காலையில் முதலில் ஏறுகிறவர் மாலையில் முதலில் இறங்க வேண்டும் என்ற ஒரே விதியால் இது நடக்கிறது.

இதைக் கூட்டத்தில் சொன்னால் அருகிலிருக்கும் குழந்தையின் பெற்றோர் எழுந்து நிற்பார்கள். கால் மணி நேரத்தில் வர வேண்டிய பிள்ளை ஏன் ஊரைச் சுற்றி வர வேண்டும் என்ற அவர்களுடைய கேள்வியும் நியாயமானதே. என் கருத்து இதுதான்: சராசரிப் பயண நேரத்தைப் பார்த்து வழித்தடம் வகுக்கக் கூடாது, எந்தக் குழந்தையும் ஒரு வழிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வண்டியில் இருக்கக் கூடாது என்று உச்ச வரம்பை முதலில் வைத்துக்கொண்டு அதற்குள் மற்றதைப் பொருத்த வேண்டும். வரம்புக்குள் அடங்காவிட்டால் வழித்தடத்தைப் பிரிக்க வேண்டும். வண்டி போதாது என்றால் அடுத்த வழி, அருகில் இருப்பவர்கள் வண்டியே இல்லாமல் வரும்படி செய்வது. பள்ளியைச் சுற்றி நடக்கும் தூரத்தில் இருப்பவர்கள் நடந்து வந்தால் இரண்டு மூன்று நிறுத்தங்கள் குறைந்து, தொலைவிலிருப்பவருக்கு நேரம் மிச்சமாகிறது. அருகில் வசிக்கும் பெற்றோர் வண்டியைக் கேட்பது பெரும்பாலும் தூரத்தினால் அல்ல, பள்ளி வாசலைக் கடக்கப் பயந்துதான்.

அந்தப் பயத்துக்குக் காரணம் மற்ற பெற்றோரின் கார்கள் என்பது கொஞ்சம் சங்கடமான உண்மை. தன் பிள்ளையின் பாதுகாப்புக்காக வாசல் வரை காரைக் கொண்டுவருபவர், நடந்து வரும் பிள்ளைகளுக்கு அந்தக் காலையின் மிகப் பெரிய ஆபத்தாகிவிடுகிறார். இத்தாலியின் போல்சானோ நகரம் 1989இலேயே பள்ளி தொடங்கும் முடியும் வேளைகளில் வாசல் தெருவைச் சிறிது நேரம் வண்டிகளுக்கு மூடிப் பார்த்தது. பின்னர் ஐரோப்பாவின் பல நகரங்கள் அதைப் பின்பற்றின. ஆஸ்திரேலியாவில் 1990களில் டேவிட் எங்விச்ட் பரப்பிய நடைப் பேருந்து முறையில், ஒரு பெரியவர் குறித்த நேரத்தில் குறித்த பாதையில் வீடு வீடாகக் குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டு நடந்து வருகிறார். இரண்டுக்கும் பெரிய செலவில்லை. ஆனால் நடைப் பேருந்தை ஒருவர் மட்டுமே தலைமேல் போட்டுக்கொண்டால் அவர் ஊரில் இல்லாத வாரத்தில் அது நின்றுவிடும். மாற்று ஆள் பட்டியல் இல்லாமல் தொடங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்குத் தனி வண்டி ஏற்பாடு செய்துவிட்டோம் என்று பள்ளிகள் பெருமையாகச் சொல்லும்போது அந்த வண்டியின் நேரத்தைக் கேட்டுப் பார்க்க வேண்டும். ஒரே வண்டி எல்லாத் திசைக்கும் போவதால் அது தாமதமாக வரும், சீக்கிரம் கிளம்பும். நாளுக்கு 15 நிமிடம் முன்னதாக வகுப்பிலிருந்து எழுப்பப்படும் குழந்தை, ஆண்டுக்கு 200 நாள் நடக்கும் பள்ளியில் 50 மணி நேரப் பாடத்தை இழக்கிறது. வண்டியில் சாய்தளம் இருப்பது வசதி. கடைசி மணி அடிக்கும்வரை வகுப்பில் உட்கார்ந்திருப்பது உரிமை.

கணினியிடம் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்களுக்கு நான் பாஸ்டன் நகரத்தைக் காட்டுவதுண்டு. 2017இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வாளர்கள் எழுதிய நிரலைக் கொண்டு அந்நகரப் பொதுப் பள்ளிகள் வழித்தடங்களை மாற்றி, ஏறத்தாழ 50 பேருந்துகளைக் குறைத்தன, அது நிலைத்தது. அதே குழுவின் உதவியோடு பள்ளிகள் தொடங்கும் நேரத்தையும் மாற்ற முனைந்தார்கள். பதின்வயதினருக்குக் காலைத் தூக்கம் தேவை என்ற நல்ல நோக்கமும் அதில் இருந்தது. ஆனால் புதிய நேரங்கள் டிசம்பரில் அறிவிக்கப்பட்டபோது, பல தொடக்கப் பள்ளிகள் விடிகாலைக்குத் தள்ளப்பட்டிருந்ததைக் கண்டு பெற்றோர் கொதித்தெழ, அந்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது. பழைய அட்டவணையும் எல்லாப் பகுதிகளுக்கும் நியாயமாக இருக்கவில்லை என்பது வேறு கதை. கணக்கில் பிழை இருந்ததாக நான் நினைக்கவில்லை. எந்தச் சுமையை யார் தாங்குவது என்று முன்கூட்டியே கேட்கப்படாதவர்கள், கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் அதை ஏற்கமாட்டார்கள்.

ஓட்டுநர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் பழியெல்லாம் அவர்கள் தலையில் விழும். தாளில் எழுதிய நேரத்துக்குள் எந்த மனிதராலும் ஓட்டி முடிக்க முடியாத அட்டவணைகளை நான் பார்க்கிறேன். ஒரு குழந்தை ஏறி, நடந்து, உட்காரும் நேரம் அவற்றில் கணக்கிடப்பட்டிருக்காது. தாமதத்துக்கு அபராதம் என்ற விதியும் சேர்ந்தால், குழந்தை இருக்கையில் அமரும் முன்பே வண்டி நகரும். அட்டவணையைத் திருத்தாமல் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியை மட்டும் பொருத்துவதில் பலனில்லை.

ஒப்படைப்பு விதிகள் எழுத்தில் இருக்க வேண்டும். மாலையில் நிறுத்தத்தில் பொறுப்பான பெரியவர் இல்லாவிட்டால் சிறு குழந்தையை இறக்காமல் பள்ளிக்கே திரும்பக் கொண்டுவர வேண்டும். கட்டணப் பாக்கிக்காகக் காலையில் நிறுத்தத்தில் நிற்கும் குழந்தையை ஏற்றாமல் போவது எந்த விதத்திலும் ஏற்க முடியாதது. அது பெரியவர்களுக்கு இடையிலான விவகாரம். ஓட்டம் முடிந்தபின் ஓட்டுநரோ உதவியாளரோ கடைசி இருக்கை வரை நடந்துபோய்ப் பார்த்த பிறகே வண்டியைப் பூட்ட வேண்டும். வெயிலில் பூட்டிய வண்டியின் உட்புற வெப்பம் பத்தே நிமிடத்தில் 10 டிகிரி செல்சியஸ் வரை ஏறக்கூடும். உறங்கிப்போன குழந்தைக்கு அது அவகாசமே தராது.

பருவத் தொடக்கத்தில் ஒவ்வொரு வழித்தடத்துக்கும் மூன்று விவரங்களை அறிவிப்புப் பலகையில் வெளியிடும்படி பள்ளிகளிடம் கேட்கிறேன்: அதில் வரும் குழந்தைகளுள் மிக நீண்ட நேரம் வண்டியில் இருப்பவர் இருக்கும் நிமிடங்கள், நிறுத்தத்துக்கு வர அதிகம் நடப்பவர் நடக்கும் தூரம், சாலையைக் கடக்க வேண்டிய குழந்தைகளின் எண்ணிக்கை. பெயர்கள் தேவையில்லை. நிர்வாகம் தயங்கினால் பெற்றோரே சேர்ந்து நிறுத்தங்களில் நின்று இவற்றைக் குறித்துக்கொள்ளலாம். அதற்கு ஒரு கடிகாரமும் ஒரு வாரமும் போதும். மழை பெய்யும் வாரமாக இருந்தால் இன்னும் நல்லது.