கட்டி எங்கே முடிகிறது என்று காட்டும் துளிகள்

“ஸ்கேனில்தான் மூளைக் கட்டி தெளிவாகத் தெரிகிறதே, ஆபரேஷன் நடக்கும்போது எதற்கு மறுபடி சோதனை?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

மண்டையோட்டைத் திறந்து நீர் வடிந்ததும் மூளை சற்று அமிழ்ந்து இடம் மாறிவிடும்; முன்பு எடுத்த படம் அப்படியே பொருந்தாது. அதைவிடப் பெரிய தொல்லை, கிளையோமா வகைக் கட்டிக்குக் கரையே கிடையாது என்பது. அதன் செல்கள் நல்ல திசுவுக்குள் ஊடுருவிக் கிடக்கும். குடலென்றால் கொஞ்சம் தாராளமாக வெட்டலாம். மூளையில் அந்த ஒரு சென்டிமீட்டரில் நோயாளியின் பேச்சு இருக்கலாம்.

வழக்கமான வழி ஃப்ரோசன் செக்‌ஷன். துணுக்கை உறைய வைத்துச் சீவி, சாயமேற்றி, மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். 20, 30 நிமிடம் ஆகும்; பனிப்படிகங்கள் செல்களின் உருவத்தைக் குலைப்பதும் உண்டு. மூலக்கூறுகளை எடைபோட்டு அடையாளம் காணும் கருவியான மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு உருவம் தேவையில்லை, மூலக்கூறின் நிறை போதும். ஆனால் மூலக்கூறு மின்னூட்டம் பெற்று, ஈரம் நீங்கி, உள்ளே பறந்து வர வேண்டும். ஈரத் திசுவிலிருந்து அதை எப்படிக் கிளப்புவது?

அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் கிரஹாம் குக்ஸ் குழு 2004-இல் வெளியிட்ட ‘டெசி’ முறை இதற்கு அழகான விடை. துணுக்கைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிசாகத் தேய்த்துப் பூசுகிறார்கள். சில ஆயிரம் வோல்ட் ஏற்றிய கரைப்பானை, நைட்ரஜன் வாயு மைக்ரான் அளவுத் துளிகளாக்கி அதன்மேல் சாய்வாக வீசுகிறது. முதலில் விழும் துளிகள் எதையும் எடுத்துப் போவதில்லை. பரப்பை நனைத்து மெல்லிய படலமாக நிற்கின்றன. திசுவின் கொழுப்புகளும் சிறு மூலக்கூறுகளும் அதில் கரைகின்றன. பின்னால் வரும் துளிகள் படலத்தில் மோதும்போதுதான் வேலை நடக்கிறது: மழைத்துளி ஈர மண்ணில் விழுந்து சுவரடியில் செம்மண்ணைத் தெறிப்பதுபோல, கரைந்ததைச் சுமந்த குட்டித் துளிகள் எகிறுகின்றன. பறக்கும்போதே கரைப்பான் ஆவியாகிறது. மிஞ்சும் அயனிகளை, அதாவது மின்னூட்டம் பெற்ற மூலக்கூறுகளை, கருவியின் வாய் உறிஞ்சிக்கொள்கிறது. இவ்வளவும் திறந்த காற்றில்!

எதைத் தேடுவது? ஐடிஹெச்1 என்ற நொதியில் 132-ஆவது அமினோ அமிலம் மாறிவிட்டால், அது 2-ஹைட்ராக்சிகுளூட்டரேட்டைத் தயாரிக்கத் தொடங்குகிறது. 2009-இல் தெரியவந்தது இது. நல்ல மூளையில் மிகச் சொற்பமாக இருக்கும் இப்பொருள் கட்டியில் குவிகிறது. கருவி வரையும் நிறை வரைபடத்தில், எதிர்மின் அயனியாக 147 என்ற நிறையில் உச்சி காட்டும். 147-இல் வேறு மூலக்கூறும் நிற்கலாமே? அதனால் அந்த அயனிகளை மட்டும் பிடித்து, வாயுவோடு மோதவிட்டு உடைக்கிறார்கள். ஒரு நீர் மூலக்கூறை, அதாவது 18-ஐ, இழந்து 129 வந்தால் நம்பலாம்.

இந்த மாற்றம் இல்லாத கட்டிகளுக்கு, கிளையோமாவில் மிகக் கொடிய வகையான கிளையோபிளாஸ்டோமாக்களில் பெரும்பாலானவை அப்படித்தான், நரம்பணுக்கள் தயாரிக்கும் என்-அசிட்டைல் அஸ்பார்டேட் கைகொடுக்கும். 174-இல் நிற்கும் அந்த உச்சி, கட்டி செல்கள் பெருகப் பெருகக் குறையும். வெறும் ரத்தமோ அழுகிய திசுவோ வந்தாலும் அது குறையும் என்பதுதான் சிக்கல். எனவே கொழுப்புகளின் உச்சிகளையும் சேர்த்துப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ரத்தத்தின் உப்பு அயனியாக்கத்தை அமுக்கும். துளிகளை வீசும் முனையின் கோணம் சற்று நகர்ந்தாலும் சிக்னல் விழும். உறைய வைக்கும்போது பூசும் பசையின் பாலிமர் படிந்தால் மற்றதெல்லாம் அதில் மூழ்கிவிடும்.

பாஸ்டனின் பிரிகாம் மருத்துவமனைக் குழு 2014-இல் 2-ஹைட்ராக்சிகுளூட்டரேட்டைக் கொண்டு கட்டியின் பரப்பை வரைந்து காட்டியது. 2017-இல் பர்டூ, இந்தியானா ஆய்வாளர்கள் ஆபரேஷன் தியேட்டரிலேயே கருவியை வைத்து ஒரு மாதிரிக்குச் சில நிமிடங்களில் விடை கண்டார்கள். 2004-இல் டெசிக்கு நிதி கேட்டவரிடம் “இதனால் எந்த நோய் தீரும்?” என்று கேட்டிருந்தால் மூளைக் கட்டி என்று பதில் வந்திருக்காது. நம் ஊர் நிதிக்குழுக்கள் முதல் பக்கத்திலேயே அதைத்தான் கேட்கின்றன.

147 தெரிந்தாலும், பக்கத்தில் பேச்சுப் பகுதி இருந்தால் மருத்துவர் கத்தியை நிறுத்திவிடலாம். மிஞ்சியதற்கு மருந்து உண்டா? மாறிய ஐடிஹெச் நொதியைத் தடுக்கும் வோராசிடெனிப் என்ற மாத்திரைக்கு, கிரேடு 2 கிளையோமாக்களுக்காக, 2024 ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்திருக்கிறது.